டேக்-டூ: வருவாயும் ஏறுது, நஷ்டமும் ஏறுது. இந்தக் கணக்கை எப்படிப் படிப்பது?

மார்ச்31

வணக்கம். ராக்ஸ்டார், 2கே, ஜிங்கா என்ற மூன்று வீடியோகேம் நிறுவனங்களுக்கும் தாய் நிறுவனமான டேக்-டூ இன்டராக்டிவின் ஆண்டறிக்கைகளிலிருந்து வருவாயையும் நிகர லாபத்தையும் எடுத்து ஒரு அட்டவணை போட்டிருக்கேன். எல்லாம் கோடி டாலரில் (1 பில்லியன் = 100 கோடி). நிதியாண்டு நம்ம ஊர் மாதிரியே மார்ச் 31-ல் முடியுது. 2014 என்று போட்டிருந்தால் 2013 ஏப்ரல் முதல் 2014 மார்ச் வரை.

2014: வருவாய் 235.1, லாபம் 36.2
2015: 108.3, நஷ்டம் 28.0
2016: 141.4, நஷ்டம் 0.8
2017: 178.0, லாபம் 6.7
2018: 179.3, லாபம் 17.4
2019: 266.8, லாபம் 33.4
2020: 308.9, லாபம் 40.4
2021: 337.3, லாபம் 58.9
2022: 350.5, லாபம் 41.8
2023: 535.0, நஷ்டம் 112.5
2024: 535.0, நஷ்டம் 374.4
2025: 563.4, நஷ்டம் 447.9

முதல் ஒன்பது வருஷத்தில் கூட்டிக் கழித்தால் மொத்த லாபம் சுமார் 206 கோடி. கடைசி மூன்று வருஷத்தில் நஷ்டம் மட்டும் 935 கோடி. இந்த வேகத்தில் போனால் கடையை மூடியிருக்கணும். ஆனா 2025 மே மாதம் பங்கு ஒன்றுக்கு 225 டாலர் என்று புதுப் பங்கு விற்று 100 கோடி டாலருக்கு மேல் திரட்டியிருக்காங்க. வாங்கினவங்க எதைப் பார்த்து வாங்கினாங்க?

இன்னொன்று, 2015. அந்த வருஷம்தானே ராக்ஸ்டாரின் ஜிடிஏ 5 (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5) பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற புது கேம் கருவிகளுக்கு வந்தது? பிறகு ஏன் நஷ்டம்? இந்த ரெண்டு வரி போதாதென்றால் அட்டவணையில் வேற என்ன சேர்க்கணும்?

பேரேடு

2015-ஐ மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். கடைசி மூன்று ஆண்டு நஷ்டம், அதாவது ஜிங்காவை வாங்கிய விவகாரத்துக்கு, நம் மன்றத்து 'அடிக்குறிப்பு' எப்படியும் வருவார்.

2014-ல் ஜிடிஏ 5-இன் அறிமுகம் இருந்தது. 2013 செப்டம்பர் 17-இல் வெளியாகி மூன்றே நாளில் 100 கோடி டாலர் விற்றது. அதற்கடுத்த ஆண்டு வருவாய் இறங்குவதில் ஆச்சரியமில்லை. ஆனால் லாபம் நஷ்டமாகப் புரண்டதற்குக் காரணம் வேறு: வந்த பணத்தை அந்த ஆண்டு வருவாயாகக் காட்ட விதி இடம் தரவில்லை.

60 டாலர் டிஸ்க் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டோடு ஆன்லைன் சேவையும் தருவதாகச் சொல்லி, அந்தச் சேவைக்குத் தனி விலை வைக்காவிட்டால், அன்றைய அமெரிக்க விதிப்படி 60 டாலரையும் விற்ற நாளில் வருவாயாக எழுத முடியாது. வாங்கியவர் சராசரியாக எத்தனை மாதம் ஆடுவார் என்று மதிப்பிட்டு அத்தனை மாதத்துக்கும் பிரித்து எழுத வேண்டும். அதுவரை, கைக்கு வந்துவிட்ட பணம் இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் பக்கம் 'ஒத்திவைத்த வருவாய்' என்ற பெயரில் காத்திருக்கும். டிஸ்க் தயாரிப்புச் செலவு, உரிமத்தொகை மாதிரியானவற்றில் ஒரு பகுதியைக் கூடவே தள்ளிவைக்கலாம். விளம்பரச் செலவைத் தள்ளிவைக்க முடியாது. செய்த காலாண்டிலேயே விழும். செலவு முன்னால், வருவாய் பின்னால். அந்த இடைவெளிதான் நீங்கள் பார்க்கும் 28 கோடி நஷ்டம்.

பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் பதிப்பு 2014 நவம்பர் 18-இல், ஜிடிஏ ஆன்லைனோடு சேர்ந்தே வந்தது. அந்த ஆண்டின் விதிப்படியான வருவாய் 108.3 கோடி. ஒத்திவைப்பை நீக்கி நிறுவனம் தனியாகச் சொன்ன எண் 167 கோடி. அந்தக் கணக்கில் அது லாபமான ஆண்டுதான்.

2018 ஏப்ரல் 1 முதல் புது வருவாய் விதி. இப்போது விலையையே இரண்டாகப் பிரிக்கிறார்கள்: விளையாட்டுக்கான பங்கு கொடுத்த நாளிலேயே வருவாய், ஆன்லைன் சேவைக்கான பங்கு மட்டும் ஒத்திவைப்பு. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 வந்த 2019-ஐப் பாருங்கள். புக்கிங்ஸ் (ஒத்திவைப்பைக் கழிக்காமல் அந்த ஆண்டு விற்ற தொகை) 293, விதிப்படி 266.8. பெரிய வெளியீடு இருந்தும் இடைவெளி 26 கோடிதான்.

இங்கே ஒரு பொறி உண்டு. 2016 மே மாதம் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம், நிறுவனங்கள் தங்கள் விருப்பப்படி வருவாயைத் திருத்திக் காட்டுவதற்குக் கடிவாளம் போட்டது. அதன்பின் பெரிய அமெரிக்கப் பதிப்பாளர்கள் 'நெட் புக்கிங்ஸ்' என்ற சொல்லுக்கு மாறினார்கள். அதற்கு முந்தைய 'திருத்திய வருவாய்' எண்ணையும் இதையும் ஒரே நெடுவரிசையில் கோத்து வளர்ச்சி விகிதம் போடாதீர்கள். நெருங்கிய உறவு, ஆனால் ஒரே எண் அல்ல.

ஷார்க்கார்டு

2023-க்கு அப்புறம் வர்றது எல்லாமே பேப்பர் நஷ்டம் ப்ரோ. ஜிங்காவை வாங்கினாங்க, வாங்கின விலையைக் கணக்குல குறைச்சாங்க, அவ்வளவுதான். கையிலிருந்து ஒரு பைசா போகலை. சந்தை பார்க்கிறது நெட் புக்கிங்ஸை: 2023-ல 528, 2024-ல 533, 2025-ல 565. அதுல ஐந்தில் நான்கு பங்கு திரும்பத் திரும்ப வர்ற பணம். ஷார்க் கார்டு (ஜிடிஏ ஆன்லைனுக்குள்ள செலவழிக்கிற காசு), என்பிஏ 2கே-வில விக்கிற விர்ச்சுவல் காசு, டூன் பிளாஸ்ட், மேட்ச் ஃபாக்டரி மாதிரி மொபைல் ஆட்டங்கள். இதுக்கு மேல ஜிடிஏ 6. பங்கு வாங்கினவன் அதுக்குத்தான் வாங்கினான்.

அடிக்குறிப்பு

'பேப்பர் நஷ்டம்' பாதி சரி. மீதிப் பாதியில்தான் பணம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாக.

2022 ஜனவரி 10-இல் ஜிங்காவை வாங்குவதாக அறிவித்தார்கள். ஒரு ஜிங்கா பங்குக்கு 3.50 டாலர் ரொக்கம், 6.36 டாலர் மதிப்புக்கு டேக்-டூ பங்கு. மொத்தம் 1,270 கோடி டாலர் என்றார்கள். மே 23-இல் கொள்முதல் முடிவதற்குள் டேக்-டூவின் பங்கு விலை இறங்கிவிட்டதால், கணக்கில் ஏறிய விலை சுமார் 950 கோடி. செய்தியில் ஒன்று, ஆண்டறிக்கையில் ஒன்று என்று இரண்டு எண் வருவது இதனால்தான்.

அந்த 950 கோடியை மூன்றாகப் பிரியுங்கள். கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய சொத்து கொஞ்சம். விளையாட்டுத் தொழில்நுட்பம், பிராண்டு, பயனர் கூட்டம் என்று விலை போட முடிந்த தொட முடியாத சொத்து நிறைய. இது ஆண்டுதோறும் தேய்மானமாகச் செலவில் கரையும். மிஞ்சியதெல்லாம் குட்வில். குட்வில்லுக்கு ஆண்டுத் தேய்மானம் கிடையாது. வருடத்துக்கு ஒரு முறையாவது சோதனை. எதிர்காலத்தில் வரும் என்று நினைக்கும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, அது ஏட்டு மதிப்பைவிடக் குறைந்தால் வித்தியாசத்தை உடனே நஷ்டமாக எழுத வேண்டும்.

2022-க்குப் பிறகு வட்டி விகிதம் ஏறியது. நாளைய பணத்தின் இன்றைய மதிப்பு அதனாலேயே சுருங்கும். கொரோனா காலத்து மொபைல் அலையும் வடிந்தது. ஐஓஎஸ் 14.5-இல் ஆப்பிள் கொண்டுவந்த 'இந்தச் செயலி உங்களைப் பின்தொடரலாமா' என்ற அனுமதிக் கேள்விக்குப் பிறகு, காசு செலவழிக்கும் ஆட்டக்காரரைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கடினமானது. மார்ச் இறுதிக் குட்வில் இருப்பைப் பாருங்கள்: 2023-இல் 676.7 கோடி, 2024-இல் 442.6, 2025-இல் 105.7. மதிப்பிழப்பாக எழுதியது 2024-இல் 234.2 கோடி, 2025-இல் 354.5 கோடி.

இப்போது ஷார்க்கார்டு சொன்னபடி அதைத் தூக்கிவிட்டுப் பார்ப்போம். 2024-இன் நஷ்டம் 140 கோடியாகக் குறையும். 2025-இன் நஷ்டம் 93 கோடி. அப்போதும் நஷ்டம்தான்! அதில் பெரும்பகுதி வாங்கிய சொத்தின் தேய்மானம் என்றாலும் எல்லாம் அதுவல்ல. 2022 ஏப்ரலில் ஜிங்காவுக்காக 270 கோடி டாலர் கடன்பத்திரம் வெளியிட்டார்கள். அதன் வட்டி பேப்பரில் போவதில்லை.

செயல்பாட்டு ரொக்கம், அதாவது அன்றாடத் தொழிலில் உண்மையில் வந்துபோன பணம், இன்னும் கறாரான சாட்சி. 2021-இல் 91.2 கோடி டாலர் வந்தது, 2022-இல் 25.8, 2023-இல் வெறும் 0.1. 2024-இல் 1.6 கோடி வெளியே போனது, 2025-இல் 4.5 கோடி. இந்த நிறுவனத்தில் விளையாட்டு உருவாக்கும் செலவின் பெரும்பகுதி வெளியீடு வரை லாப-நஷ்டக் கணக்கில் வராது. சொத்தாக ஏட்டில் சேரும். ரொக்கக் கணக்கு மட்டும் அதைச் செயல்பாட்டிலேயே கழித்துவிடுகிறது. ஜிடிஏ 6-க்குக் கொட்டும் காசு உங்கள் அட்டவணையில் எங்கேயும் தெரியாது. இந்த வரியில் தெரியும்.

கடைசியாகப் பங்கு எண்ணிக்கை. ஜிங்காவுக்காக 4.63 கோடி புதுப் பங்கு போனது. 2022-இல் சராசரியாக 11.7 கோடியாக இருந்தது 2025-இல் 17.5 கோடி. மொத்த வருவாய் 61% வளர்ந்திருக்கிறது. ஒரு பங்குக்கான வருவாய்? 30 டாலரிலிருந்து 32.2 டாலர், 7% வளர்ச்சி. கையிலிருந்து பைசா போகவில்லை என்பவர்கள் இந்த வகுத்தலை ஒரு தரம் போட்டுப் பார்க்கலாம். பழைய பங்குதாரர் தன் பங்கில் ஒரு துண்டை நறுக்கிக் கொடுத்திருக்கிறார். அப்படிக் கொடுத்து வாங்கிய பொருள் சொன்ன விலை பெறவில்லை என்பதைத்தான் மதிப்பிழப்பு சொல்கிறது.

மார்ச்31

பங்கு எண்ணிக்கை என் அட்டவணையிலேயே இல்லை, சேர்த்துடறேன். ஒரு சந்தேகம். 2023, 2024 ரெண்டிலும் வருவாய் 535.0 என்று அச்சு அசலா ஒரே எண். நான்தான் தவறா எடுத்துட்டேனா?

அடிக்குறிப்பு

சரியாகத்தான் எடுத்திருக்கிறீர்கள். 534.99, 534.96, மூன்று லட்சம் டாலர்தான் வித்தியாசம். ஆனால் 'தேக்கம்' என்று எழுதினால் தப்பு. ஜிங்கா சேர்ந்தது 2022 மே 23-இல், ஆகவே 2023 கணக்கில் அதன் வருவாய் பத்து மாதம் ஒரு வாரத்துக்குத்தான் இருக்கிறது. 2024-இல் முழு 12 மாதம். ஏழு வார ஜிங்கா வருவாய் கூடுதலாகச் சேர்ந்தும் மொத்தம் அதே இடத்தில் நிற்கிறது என்றால், ஒப்பிடத்தக்க அளவில் அது சரிவு. அந்த ஆண்டு முடிந்த கையோடு 2024 ஏப்ரலில் ஊழியரில் சுமார் 5% பேரைக் குறைப்பதாகவும் சில விளையாட்டுகளைக் கைவிடுவதாகவும் அறிவித்தார்கள்.

பேரேடு

2022-இலிருந்து 2023-க்கு வருவாய் 184 கோடி தாவியதிலும் கொஞ்சம் காற்று இருக்கிறது. பிளேஸ்டேஷன் ஸ்டோரிலோ எக்ஸ்பாக்ஸ் ஸ்டோரிலோ 100 டாலருக்கு விற்றால், கடைக்காரர் எடுத்ததுபோக மிஞ்சுவது மட்டுமே வருவாய். கமிஷன் 30 என்று வைத்தால் வருவாய் 70. ஆப்பிள், கூகுள் கடைகளில் அதே 100 டாலர் விற்றால் வருவாய் 100 என்றும் கமிஷன் 30 செலவு என்றும் எழுதுகிறார்கள். அங்கே விலையைத் தீர்மானிப்பது பதிப்பாளர் என்பது கணக்கியல் காரணம். கையில் நிற்பது இரண்டிலும் 70. ஆனால் மொபைல் வணிகம் சேர்ந்த உடனே வருவாய் வரி பெருத்துத் தெரியும், மொத்த லாப விகிதம் மெலிந்து தெரியும். 2022-க்கு முன்னும் பின்னும் லாப விகிதத்தை நேருக்கு நேர் ஒப்பிட்டால் 'திறமை குறைந்துவிட்டது' என்ற பொய்யான முடிவுக்கு வருவீர்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. 2025 ஏப்ரல் 30-இல், ஆப்பிள் கடை விதிகளை எதிர்த்து எபிக் என்ற கேம் நிறுவனம் போட்ட வழக்கில் வந்த உத்தரவுக்குப் பிறகு, அமெரிக்காவில் செயலிக்குள்ளிருந்தே வெளிக்கடைக்கு இணைப்பு கொடுக்க முடிந்தது. ஜிங்கா ஆட்டங்களின் காசு சொந்த இணையக் கடைக்கு நகரும் அளவுக்குச் செலவு வரி இறங்கும். வருவாய் அப்படியே இருந்து லாபம் மட்டும் கூடினால் முதலில் இதைப் பாருங்கள்.

ஷார்க்கார்டு

ரொக்கக் கணக்கு விஷயத்தை ஒத்துக்கிறேன், அதை நான் பார்க்கலை. ஆனா சந்தையை முட்டாள்னு சொல்லிடாதீங்க. ஜிடிஏ 5 ஒரே ஆட்டம் 20 கோடி பிரதிக்கு மேல வித்திருக்கு. பன்னிரண்டு வருஷமா அதோட ஆன்லைன் காசு வந்துட்டே இருக்கு. அடுத்தது வந்தா இந்த 4.5 கோடி, 1.6 கோடி எல்லாம் உதிரிச் சில்லறை.

தேதியில ஒண்ணு கவனிங்க. முதல்ல 2025 இலையுதிர் காலம்னு சொன்னாங்க, அது 2026 நிதியாண்டு. 2025 மே 2-ஆம் தேதி அதை 2026 மே 26-க்குத் தள்ளினாங்க, வருவாய் மொத்தமா 2027 நிதியாண்டுக்குப் போச்சு. அப்புறம் 2025 நவம்பர்ல மறுபடி தள்ளி 2026 நவம்பர் 19-னு சொன்னாங்க. ஆறு மாசம் தள்ளிப் போச்சு, ஆனா நிதியாண்டு அதே 2027. ஆண்டு அட்டவணை போடறவனுக்கு முதல் தள்ளல் அளவுக்கு ரெண்டாவது தள்ளல் பெருசு இல்லை.

அடிக்குறிப்பு

நிதியாண்டு அதேதான். ஆனால் மே-யில் வந்திருந்தால் 2027 கணக்கில் பத்து மாத விற்பனை விழுந்திருக்கும். நவம்பர் என்றால் நான்கு மாதம் பன்னிரண்டு நாள். முதல் வாரக் கூட்டம் இரண்டிலும் உண்டு. ஆன்லைன் காசுதான் 2028-க்கு ஒழுகும். பேரேடு சொன்ன ஒத்திவைப்பும் இங்கே திரும்ப வரும். கடைசி நான்கு மாதத்தில் விற்றதில் சேவைப் பங்கு மார்ச் 31-க்குள் முழுதாகக் கரையாது, ஆகவே அந்த ஆண்டு புக்கிங்ஸ் விதிப்படியான வருவாயைவிடத் தெளிவாக மேலே நிற்கும்.

லாபம் அதே வேகத்தில் ஏறும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். வெளியீட்டு நாள்வரை சொத்தாகச் சேர்ந்த உருவாக்கச் செலவு, அன்றிலிருந்து செலவாகக் கரையத் தொடங்கும். ஸ்டுடியோ ஆட்களுக்கான லாபப் பங்கு 'உள் ராயல்டி' என்ற தனி வரியாக விற்பனைச் செலவில் வரும். ராக்ஸ்டார் ஆட்டம் நன்றாக விற்கும் ஆண்டுகளில் அது வீங்கும்.

இன்னொரு எச்சரிக்கை. குட்வில் 105.7 கோடிக்கு வந்துவிட்டதால் 2025 அளவுக்கு இன்னொரு மதிப்பிழப்பு எழுதக் கிணற்றில் தண்ணீரே இல்லை. ஆகவே 2026 நஷ்டம் பெரிதாகக் குறைந்து தெரியும். அதை 'மீட்சி' என்று தலைப்புப் போடுவார்கள், நீங்கள் போடாதீர்கள்.

பேரேடு

அட்டவணைக்கு இவ்வளவு போதும். ஆண்டுக்கு ஒரு வரிசை. நெடுவரிசைகள்: விதிப்படியான வருவாய், நெட் புக்கிங்ஸ், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், நிகர லாபம், குட்வில் மதிப்பிழப்பு, வாங்கிய சொத்தின் தேய்மானம், செயல்பாட்டு ரொக்கம், சராசரிப் பங்கு எண்ணிக்கை. கடைசியில் ஒரு பங்குக்கான வருவாயையும் ஒரு பங்குக்கான ரொக்கத்தையும் சூத்திரமாகப் போடுங்கள்.

எண்களை அமெரிக்க ஆணையத்தின் எட்கர் தளத்தில் உள்ள 10-கே என்ற ஆண்டறிக்கையிலிருந்து எடுங்கள். மே மாதத்தில் வரும். நெட் புக்கிங்ஸ் மட்டும் நான்காம் காலாண்டுச் செய்திக்குறிப்பில் எளிதாகக் கிடைக்கும். அதில் 'சரிசெய்த எபிட்டா' (வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபத்தைத் திருத்தியது) என்ற எண்ணும் இருக்கும். அது ஊழியருக்குக் கொடுக்கும் பங்குச் சம்பளத்தைச் செலவாகவே எண்ணாது, ஆகவே தனியாக வைத்துப் படிக்காதீர்கள்.

வித்தியாச நெடுவரிசை எதற்கு என்றால், 2015 மாதிரி ஆண்டில் அது 59 கோடி, 2025-இல் ஒன்றரைக் கோடிகூட இல்லை. முதலாவது நஷ்டத்துக்கு ஒத்திவைப்பு காரணம், இரண்டாவதுக்கு அது காரணமே இல்லை என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

ஒப்பீட்டுக்கு எலக்ட்ரானிக் ஆர்ட்ஸைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதற்கும் மார்ச் 31-தான் ஆண்டு முடிவு. 2025-இல் வருவாய் 746.3 கோடி, லாபம் 112.1, செயல்பாட்டு ரொக்கம் 207.9. வருடா வருடம் கால்பந்து ஆட்டம் விற்கிற கடை அது. ஆக்டிவிஷன் பிளிசார்டைச் சேர்க்க நினைத்தால் மட்டும் கவனம்: அது டிசம்பர் கணக்கு, 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டதால் கடைசி முழு ஆண்டு 2022.

மார்ச்31

நன்றி சார். வித்தியாச நெடுவரிசையைப் போட ஆரம்பிச்சிருக்கேன். 2019-க்கு 293-இலிருந்து 266.8-ஐக் கழிச்சால் 26 வருது, ஆனா 2022-இல் புக்கிங்ஸ் 340.8, வருவாய் 350.5 என்று தலைகீழா வருது. இது சரியா?

பேரேடு

சரிதான். முந்தைய ஆண்டுகளில் தள்ளிவைத்தது அந்த ஆண்டு கரைந்து வருவாயாக இறங்கியிருக்கிறது, அதற்கு ஈடாகப் புதிதாகத் தள்ளிவைக்க அந்த ஆண்டு பெரிய வெளியீடு இல்லை. எதிர்மறை எண்ணாகவே விடுங்கள், சிவப்பு நிறம் மட்டும் போட வேண்டாம்.